செஸ் கம்ப்யூட்டர் சிப்பைக் காப்பி செய்வது எப்படி?

வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் பரவலாக வருவதற்கு முன்பே, செஸ் ஆடுவதற்கென்றே தனிக் கருவிகள் விற்கப்பட்டன. அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம் 1977ல் செஸ் சேலஞ்சரை வெளியிட்டது. ஜெர்மனியின் மெஃபிஸ்டோ 1985ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த மைக்ரோ கம்ப்யூட்டர் செஸ் உலகப் போட்டியில் வென்றது.

இவற்றில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. புரோகிராம் முழுவதும் ரோம் சிப்பில்தான் இருக்கும். பல கருவிகளில் இது ஈப்ராம் வகை. மேலே சிறு கண்ணாடி ஜன்னல் இருக்கும். டேட்டா இதில் மின்னூட்டமாகப் பதிந்திருக்கிறது. ஜன்னல் வழியே புற ஊதாக் கதிர் பட்டால் அழிந்துவிடும். நேரடி வெயிலில் ஒரு வாரம் இருந்தாலே ஆபத்து. அதனால்தான் ஜன்னல் மீது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். மூடி வைத்தாலும் ஆண்டுகள் போகப் போக மின்னூட்டம் மெல்லக் கசியும். ஒரு பிட் மாறினாலும் கருவி நின்றுவிடலாம். எனவே சிப் நன்றாக இருக்கும்போதே காப்பி எடுப்பது நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

1. மின் இணைப்பையும் பேட்டரியையும் அகற்றுங்கள். சிப்பின் வெட்டுக்குறி எந்தப் பக்கம் என்பதைப் போட்டோ எடுங்கள். இரு முனைகளிலும் மாறி மாறி நெம்பிக் கழற்றுங்கள். சால்டர் செய்த சிப் என்றால் அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

2. யுஎஸ்பியில் இணையும் ஈப்ராம் புரோகிராமரில் சிப்பைப் பொருத்தி, அதன் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 2764 என்றால் 8 கேபி, 27256 என்றால் 32 கேபி. ரீட் மட்டும் கிளிக் செய்யுங்கள்.

3. இருமுறை படித்து செக்சம் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பின்களைச் சுத்தம் செய்து மீண்டும் படியுங்கள்.

4. கருவியின் பெயர், சிப் இருந்த இடம் இரண்டையும் ஃபைல் பெயரில் குறிப்பிட்டு சேமியுங்கள். சில கருவிகளில் ஒரே புரோகிராம் இரு சிப்களில் பிரிந்திருக்கும். இடம் மாறினால் இயங்காது.

பழைய சிப் கெட்டுவிட்டால், இந்த ஃபைலைப் புதிய சிப்பில் எழுதலாம். வோல்டேஜில் கவனம் தேவை. 2764க்கு 21 வோல்ட், 2764ஏக்கு 12.5 வோல்ட்தான். 2764ஏக்கு 21 வோல்ட் கொடுத்தால் சிப் எரிந்துவிடலாம். எழுதியபின் வெரிஃபை செய்து, ஜன்னலில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

செஸ் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. உங்கள் பென் டிரைவும் டேட்டாவை மின்னூட்டமாகத்தான் வைத்திருக்கிறது. குடும்பப் படங்கள் அதில் மட்டும் இருந்தால், இன்றே வேறோர் இடத்திலும் காப்பி எடுத்து வையுங்கள்.