ரேடியோ கரகரத்தால் யாரைச் சந்தேகிப்பது?

கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பு மதுரை, திண்டுக்கல் என்று சமவெளியில் வெகுதூரம் கேட்பதற்கு மலையின் உயரமே காரணம். பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குன்றோ அடுக்குமாடியோ குறுக்கே நின்றால் வலுவிழக்கும். ஆனால் ஒலிபரப்புக் கோபுரம் பக்கத்திலேயே இருந்தும் பெட்டி கரகரத்தால், வீட்டுக்குள்தான் தேட வேண்டும்.

முதல் சந்தேகம் எல்.இ.டி. பல்பின் மேல். 230 வோல்ட் மின்சாரத்தைத் தனக்கேற்ற அளவுக்குக் குறைக்க, அதனுள் இருக்கும் சிறு சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் துண்டித்துச் சேர்க்கிறது. ஒவ்வொரு முறையும் மின்காந்த இரைச்சல் கிளம்பும். அதன் மடங்கு அதிர்வெண்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பண்பலை வரிசைக்குள்ளும் ஏறிவிடும். சுவரில் ஓடும் வயரிங்கே ஆன்டெனாவாகி அதை வீடெங்கும் பரப்பும். இதைத் தடுக்கும் வடிகட்டியை மலிவான பல்புகளில் பெரும்பாலும் வைப்பதில்லை. மொபைல் சார்ஜர்களிலும் இதே கதைதான்.

எந்தச் சாதனம் என்று கண்டுபிடிக்க, பேட்டரி ரேடியோவைப் பாடவிட்டு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் சேர்த்து. இரைச்சல் நின்றால், ஒவ்வொரு சாதனமாகப் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும்.

பக்கத்து வீட்டிலும் அந்த ஆள் இருக்கலாம். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் அபர்ஹோசன் என்ற சிற்றூரில், 18 மாதங்களாகத் தினமும் காலை 7 மணிக்கு இணையம் படுத்துக்கொண்டது. கேபிள்களை மாற்றியும் பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் அலைகளை அளக்கும் கருவியோடு விடியற்காலை மழையில் ஊரைச் சுற்றினார்கள். 7 மணிக்குக் கருவியில் பேரிரைச்சல்! ஒரு வீட்டில் அந்நேரத்தில் போடும் பழைய டிவிதான் மூலம். 2020இல் வெளியான செய்தி இது. அந்தப் பொறியாளர்களின் பொறுமைக்கு ஒரு வணக்கம்.

வீடு சுத்தமென்றால் அடுத்தது ஆன்டெனா. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால்பங்கான 75 சென்டிமீட்டர் அளவுக்குக் கம்பியை நீட்டி, ஜன்னலோரம் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். மொபைலில் ஹெட்போன் வயரே ஆன்டெனா. அதைச் சுருட்டி வைக்கக் கூடாது. அலை பலவீனமான இடத்தில் ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றினாலே இரைச்சல் வெகுவாக அடங்கும். பாட்டில் இடம் வலம் என்ற பிரிவு மட்டும் போகும்.