நான்கேகாலுக்கு மறையும் சூரியன்

போலந்தின் தெற்கு எல்லையை ஒட்டி எழுகின்றன டாட்ரா மலைகள். அடிவாரத்து ஊரான ஜகோபானேயில் கோடை முழுக்கத் திருவிழாக் கூட்டம். அக்டோபர் கடைசியில் அது கலைந்துவிடும். லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாகி உதிரத் தொடங்கும். பள்ளத்தாக்கை மூடுபனி மூடியிருக்கும் நாளிலும் மேலே சுள்ளென்று வெயில் அடிப்பதுண்டு. மலை ஏரியைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது, பகல்தான் குறைவு.

பலரும் தேர்ந்தெடுப்பது சார்னி ஸ்டாவ் ஏரிக்குப் போகும் வழி. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள குஜ்னிட்சேயில் நடை தொடங்குகிறது. மரங்களிலும் பாறைகளிலும் தீட்டியிருக்கும் நீலப் பட்டையைப் பார்த்தபடி நடந்தால் போதும், வழி தவறாது. காடு முடிந்து, தாழ்வாக வளரும் குட்டைப் பைன் புதர்கள் வந்தபின், பழைய இடையர் குடிசைகள் நிற்கும் புல்வெளி விரிகிறது. அங்கே 1,500 மீட்டரில் இருக்கிறது முரொவானியெட்ஸ் மலை விடுதி. 1925இல் திறந்த கல் கட்டடம். இங்கே எலுமிச்சைத் தேநீரும் ஆப்பிள் கேக்கும் சாப்பிடாமல் கடப்பவர்கள் குறைவு.

இன்னும் அரை மணி நடந்தால் ஏரி. 1,624 மீட்டர் உயரத்தில், பழங்காலப் பனியாறு குடைந்த பள்ளத்தில், 51 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். மேற்கே கோஷ்செலெட்ஸ் சிகரம் மறைப்பதால், பிற்பகலிலேயே கரையில் நிழல் விழுந்துவிடும். அந்த நிழலில்தான் ஆபத்து. பகலில் பாதையின் குறுக்கே கசியும் நீர் இரவில் உறைந்து, பாறைமேல் கண்ணாடி போல ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் வெறும் ஈரமாகத்தான் தெரியும். கால் வைத்தால் வழுக்கும். காலணியில் மாட்டும் இரும்பு முட்களைப் பையில் எடுத்துச் செல்வது இதற்காகத்தான்.

இதே பாதையில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. போலந்தின் பெரும் இசையமைப்பாளர்களில் ஒருவரான மியெச்சிஸ்வாவ் கார்வோவிச் இந்த மலைகளின் தீராக் காதலர். 1909 பிப்ரவரி 8 அன்று பனிச்சறுக்குக் கட்டைகளோடு தனியே இந்த ஏரிக்குக் கிளம்பியவரைப் பனிச்சரிவு புதைத்தது. வயது 32. அந்தச் சாவு உலுக்கியதில், அவருடைய நண்பர் மரியுஷ் ஸாருஸ்கியின் முயற்சியால் அதே ஆண்டு டாட்ரா மீட்புப் படை உருவானது. மறு ஆண்டே, மலையில் காயமடைந்தவரைக் காப்பாற்றப்போன வழிகாட்டி கிளிமெக் பாஹ்லெதா உயிர்விட்டார். நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அந்தப் படை இயங்குகிறது. போலந்துப் பக்கத்தில் மீட்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

இலையுதிர்காலத்தில் 'ஹால்னி' என்னும் வெப்பக்காற்று மரங்களைச் சாய்க்கும் வேகத்தில் வீசும். எனவே முந்தைய மாலை வானிலை அறிவிப்பைப் பார்த்தே தீர வேண்டும். கரடி முதலான விலங்குகளின் அமைதிக்காக, மார்ச் முதல் நவம்பர் முடிய, அந்தியிலிருந்து விடியல்வரை பாதைகளில் நடக்கத் தடையும் உண்டு.

நவம்பர் தொடக்கத்தில் சூரியன் நான்கேகால் வாக்கில் மறைகிறது. ஏரியிலிருந்து இறங்கக் குறைந்தது இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆகவே காலை எட்டுக்கே கிளம்புங்கள். ஒன்றரை மணிக்கு எங்கே இருந்தாலும், ஏரி கண்ணில் படாவிட்டாலும், திரும்பிவிடுங்கள்.