ஜனவரிக்காகக் காத்திருந்த குமாஸ்தாக்கள்

1984-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லாரி ஓட்டியவருக்கு ஆண்டுச் சம்பளம் சராசரியாக 18,000 டாலர். ஒரு துறை அலுவலகத்தையே கட்டி மேய்த்த நிர்வாக உதவியாளருக்குச் சுமார் 13,000 டாலர்தான். லாரி ஓட்டுவது ஆண்களின் வேலையாக இருந்தது. அலுவலகம், நூலகம், ஆய்வுக்கூடம் என்று பரவிக்கிடந்த சுமார் 2,600 எழுத்தர்கள், தொழில்நுட்பப் பணியாளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள்.

பேராசிரியர் கிறுக்கித் தரும் தாள்களைத் தட்டச்சு செய்வதும், ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பத்தைக் கெடு முடிவதற்குள் அனுப்பிவைப்பதும் இவர்கள் வேலை. மாணவர் ஒருவர் எந்தப் படிவத்தை எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும் என்பதும் இவர்களுக்குத்தான் தெரியும். நியூ ஹேவன் வட்டாரத்தில் இத்தகைய வேலைக்கு என்ன சம்பளமோ அதைத்தான் தருகிறோம் என்றது நிர்வாகம். அந்தச் சந்தை விலையே பெண்களின் வேலை என்பதால் குறைத்துப் போடப்பட்ட விலைதானே என்று திருப்பிக் கேட்டது அவர்களின் சங்கம். வேலை வேறாக இருக்கலாம். அது கேட்கும் திறமையும் பொறுப்பும் சமமானால் ஊதியமும் சமமாக இருக்க வேண்டும் என்பது அதன் வாதம். அன்றைக்கு யேலின் அறக்கட்டளை நிதி 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பணமில்லை என்ற பாட்டு அங்கே எடுபடாது.

சங்கம் எளிதில் அமைந்துவிடவில்லை. முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. ஓட்டல், உணவகத் தொழிலாளர்களின் தேசிய சங்கத்தோடு இணைந்த 'லோக்கல் 34' என்ற இந்தச் சங்கம், மேசை மேசையாகப் போய்ப் பேசி ஆள் சேர்த்தது. 1983 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் வெறும் 39 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. ஏறக்குறைய பாதிப் பேர் சங்கமே வேண்டாம் என்று வாக்களித்த இடம் அது. அப்படிப்பட்ட சங்கத்தின் மிரட்டலை எதிர்த்தரப்பு எவ்வளவு தூரம் மதிக்கும்?

சங்கத்தின் சார்பில் பேச்சுவார்த்தையை நடத்திய ஜான் வில்ஹெல்ம் அதே யேலில் படித்தவர். எதிர்த்தரப்பில் இருந்த பல்கலைக்கழகத் தலைவர் பார்ட்லெட் ஜியாமட்டி, மறுமலர்ச்சிக் கால இலக்கியப் பேராசிரியர்; பின்னாளில் அமெரிக்க பேஸ்பால் அமைப்பின் ஆணையராகவும் ஆனவர். முதல் ஒப்பந்தம் என்பதால் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது: குறைதீர்ப்பு முறை, பணிமூப்பு, ஆட்குறைப்பில் பாதுகாப்பு, பதவித் தரம். இவற்றில் பலவற்றுக்கு உடன்பாடு கிடைத்தது. பணத்தில் வந்து வண்டி நின்றது.

1984 செப்டம்பர் 26-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. உணவுக்கூடங்களிலும் பராமரிப்புப் பணியிலும் இருந்தவர்களின் சங்கமான 'லோக்கல் 35' மறியல் கோட்டைத் தாண்ட மறுத்தது. பல்கலைக்கழகத்துக்கு வலித்தது இதுதான். உணவுக்கூடங்கள் மூடப்பட்டன, வெளியே சாப்பிட்டுக்கொள்ள மாணவர்களுக்கு நிர்வாகமே பணம் கொடுத்தது. மறியல் கோட்டைத் தாண்ட மனமில்லாத பேராசிரியர்கள் தேவாலயத்திலும் தியேட்டரிலும் வீட்டுக்கூடத்திலும் வகுப்பு எடுத்தார்கள். போராட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள்.

பத்து வாரம் ஓடியது. டிசம்பரில் மாணவர்கள் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள். காலி வளாகத்துக்கு முன்னால் பனியில் நின்று கோஷம் போட்டு யாரை நெருக்குவது? வேலைநிறுத்தம் செய்பவருக்கோ சம்பளமில்லாத ஒவ்வொரு வாரமும் வீட்டு வாடகையில் கைவைக்கும். டிசம்பர் தொடக்கத்தில் சங்கம் எடுத்த முடிவு பலரையும் திகைக்கவைத்தது: ஒப்பந்தம் இல்லாமலேயே எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

தோற்றுப்போய்த் திரும்பியது போலத் தெரிந்தாலும் கணக்கு வேறு. லோக்கல் 35-ன் ஒப்பந்தம் ஜனவரியில் முடிவதாக இருந்தது. மாணவர்கள் ஊரிலிருந்து திரும்பும் நேரமும் அதுதான். பண்டிகை மாதத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஜனவரியில் இரண்டு சங்கங்களும் சேர்ந்தே வெளியேறலாம். நிர்வாகத்துக்கும் அது புரிந்தது. இரண்டாவது வேலைநிறுத்தம் வருவதற்குள், 1985 ஜனவரியிலேயே, உடன்பாடு வந்துவிட்டது. பொது ஊதிய உயர்வோடு, பணிக்காலத்துக்கு ஏற்பச் சம்பளப் படிநிலைகளும் வந்தன. பல ஆண்டு வேலை பார்த்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்கும் கொடுமை அதோடு குறைந்தது. மேடையில் முழங்கிய வாதங்களைவிட நாள்காட்டியைப் பார்த்து எடுத்த அந்த டிசம்பர் முடிவுதான் சங்கத்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

ஹார்வர்டில் கதை வேறு மாதிரி. அங்கே எழுத்தர்கள் 1988 மே மாதம் 44 வாக்கு வித்தியாசத்தில் சங்கம் அமைத்தார்கள். சங்கத்தை ஆதரிப்பது ஹார்வர்டை எதிர்ப்பதாகாது என்பதே அவர்களின் முழக்கம். வாக்கெடுப்பை முதலில் எதிர்த்து வழக்காடிய நிர்வாகம், பிறகு முன்னாள் தொழிலாளர் துறை அமைச்சரும் பேராசிரியருமான ஜான் டன்லப்பைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பியது. 1989-ல் வேலைநிறுத்தமே இல்லாமல் ஒப்பந்தம் ஆனது. விதிகளை அடுக்கிக்கொண்டு போகாமல், இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் கூட்டுக் குழுக்களை அது உருவாக்கியது. தங்களுக்குச் சம்பளம் போடும் பல்கலைக்கழகத்தின் மேல் பாசமும் கோபமும் ஒன்றாகவே கொண்டவர்களுக்கு இந்த வழி பொருந்திப்போனது ஆச்சரியமில்லை.

யேலில் சமாதானம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. 1996-லும் வேலைநிறுத்தம் நடந்தது. 2003-ல் ஓய்வூதியமே பெரிய பிரச்சினை. வருடக்கணக்காக உழைத்தவர்கள் சொற்பப் பென்ஷனோடு வீட்டுக்குப் போவதைச் சங்கங்கள் முன்னிறுத்தின. அந்த முறை இரண்டு சங்கங்களும் வேலையை நிறுத்தியது ஆகஸ்ட் கடைசியில், புதிய மாணவர்கள் பெட்டி படுக்கையோடு விடுதிக்கு வந்து இறங்கும் வாரத்தில். மூன்றே வாரத்தில் உடன்பாடு ஆனது. நீண்ட கால ஒப்பந்தம் அது. அதற்கு அடுத்த ஒப்பந்தத்தை, பழையது முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே, 2009-ல் இரு தரப்பும் பேசி முடித்துவிட்டன.