குண்டே இல்லாத துப்பாக்கி உயிரை எடுக்குமா? பழைய படங்களின் 'வெத்துவேட்டு' கதை

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியைப் போட்டால், ஏதாவது ஒரு சேனலில் ஜெய்சங்கர் தொப்பியும் பெல்ட்டுமாகச் சுட்டுக்கொண்டிருப்பார். 1972-ல் வந்த 'கங்கா' மாதிரியான தமிழ் கவ்பாய் படங்களுக்கு இன்னும் ரசிகர்கள் இருக்காங்க. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொடியன், "அது நிஜத் துப்பாக்கியா?" என்று கேட்பான். "அதெல்லாம் டம்மிடா" என்று சொல்லி முடித்துவிடுவோம். சிக்கலே அந்த 'டம்மி' என்ற வார்த்தையில்தான் இருக்கு.

தோட்டாக்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். நிஜத் தோட்டாவில் மருந்தும் இருக்கும், குண்டும் இருக்கும். டம்மித் தோட்டாவில் குண்டு இருக்கும், மருந்து இருக்காது. குளோசப்பில் துப்பாக்கிக்குள் தோட்டா தெரியணும்னா இதைப் போடுவாங்க. மூன்றாவது வெற்றுத் தோட்டா. இதில் மருந்து உண்டு, குண்டு கிடையாது. சத்தம், நெருப்பு, புகை எல்லாம் நிஜம். உலகம் முழுக்கப் பழைய படங்களிலும் டிவி தொடர்களிலும் நாம் பார்த்த துப்பாக்கிச் சண்டைகளில் பெரும்பகுதி இந்த மூன்றாவது ரகம்தான். அதுவும் பல நேரம் நிஜத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டது.

வேட்டு தெரிந்தவர்களுக்கு இது புரியும்

எங்க திண்டுக்கல் பக்கம் கிராமத் திருவிழாக்களில் வேட்டு போடுவாங்க. இரும்புக் குழாயில் கருமருந்தை நிரப்பி, மேலே செங்கல் பொடியை இடித்து இறுக்கி, திரியில் நெருப்பு வைப்பாங்க. உள்ளே குண்டு எதுவும் இல்லை. ஆனாலும் குழாய் பக்கத்தில் ஒரு ஆளை நிற்க விடமாட்டாங்க. சின்ன வயசில் காதைப் பொத்திக்கொண்டு ஓடினது ஞாபகம் இருக்கு.

வெற்றுத் தோட்டாவும் அதே கணக்குதான். பித்தளைக் குப்பிக்குள் மருந்து. அது கொட்டாமல் இருக்க வாயை மடித்து அடைப்பாங்க, அல்லது காகிதம், பிளாஸ்டிக்கில் ஒரு தக்கை வைப்பாங்க. விசையை அழுத்தினால் மருந்து எரிந்து, கொதிக்கும் வாயு குழல் வழியாகச் சீறும். தக்கையும் கூடவே வரும். சில அடி தள்ளிப்போனதும் வாயு பரவி வேகம் குறைந்துவிடும். குழல் வாய்க்குப் பக்கத்திலோ அது ஒரு உளி மாதிரி.

வாயாலேயே சுடுகிறவரை நாம் 'வெத்துவேட்டு' என்று கிண்டல் பண்றோம். உண்மையான வெற்று வேட்டு அவ்வளவு சாதுவானது இல்லை.

ஹாலிவுட் கவ்பாய் படங்களில் 'ஃபைவ் இன் ஒன்' என்று ஒரு வெற்றுத் தோட்டா பிரபலம். இரண்டு வகை ரைஃபிள், மூன்று வகை ரிவால்வர் என ஐந்துக்கும் அது ஒன்றே பொருந்தும். செட்டில் எது எதற்கு என்று குழம்ப வேண்டியதில்லை. பழைய காலத்தில் இதைவிட மோசமாகவும் நடந்திருக்கு. 1931-ல் வந்த 'தி பப்ளிக் எனிமி' படத்தில் ஜேம்ஸ் காக்னி சுவர் ஓரமாக ஒதுங்கியதும், அந்தச் சுவரில் நிஜத் தோட்டாக்களையே சுட்டார்கள்!

டிவி செட்டில் நடந்த விபரீதம்

1984 அக்டோபர். அமெரிக்காவில் 'கவர் அப்' என்ற டிவி தொடரின் படப்பிடிப்பு. இடைவேளை நீண்டுகொண்டே போக, 26 வயது நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம் விளையாட்டாக ரிவால்வரை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். உள்ளே இருந்தது வெற்றுத் தோட்டா. குண்டு இல்லை. ஆனால் வெடித்த வேகத்தில் மண்டை ஓட்டின் ஒரு துண்டு உடைந்து மூளைக்குள் போனது. சில நாட்களில் இறந்துபோனார்.

புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ கதை வேற மாதிரி. 1993, 'தி க்ரோ' படப்பிடிப்பு. முன்பு ஒரு குளோசப்புக்காக, நிஜத் தோட்டாவில் மருந்தை மட்டும் கொட்டிவிட்டு டம்மி தயாரித்திருந்தார்கள். அடியில் இருக்கும் சின்னப் பொறி மருந்தை எடுக்கவில்லை. விசையை அழுத்தியபோது அந்தப் பொறி, குண்டை குழலுக்குள் பாதி வழி வரை தள்ளிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு பாய்ந்து வந்தது. டம்மியும் வெற்றுத் தோட்டாவும் சேர்ந்து நிஜத் தோட்டா ஆகிவிட்டது. லீக்கு 28 வயது.

2021-ல் 'ரஸ்ட்' செட்டில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது வெற்றுத் தோட்டாவால் இல்லை. இருக்கவே கூடாத நிஜத் தோட்டா துப்பாக்கிக்குள் இருந்தது. ஆயுதப் பொறுப்பாளருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தச் சம்பவம் நடந்த சில நாட்களிலேயே 'தி ரூக்கி' என்ற போலீஸ் தொடர், செட்டில் நிஜத் துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தது. பொம்மைத் துப்பாக்கி, நெருப்பு மட்டும் கம்ப்யூட்டரில்.

தமிழ் சினிமாவும் துப்பாக்கியும் என்றாலே எல்லோரும் சொல்வது 1967 ஜனவரி 12. எம்.ஆர்.ராதா, எம்.ஜி.ஆரைச் சுட்ட நாள். அது செட் இல்லை, ராமாவரம் வீடு. துப்பாக்கியும் தோட்டாவும் நிஜம். ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். தோட்டாக்கள் பழையவை, மேஜை டிராயரில் உருண்டு உருண்டு குண்டின் பிடி தளர்ந்திருந்தது, அதனால்தான் வேகம் இல்லை என்பது பின்னாளில் தடயவியல் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் மாறிப்போனது. 1973 இடைத்தேர்தலில் இரட்டை இலைக்கு ஓட்டு கேட்டு திண்டுக்கல் மக்கள் கேட்டது அந்த மாறிய குரலைத்தான். அதிமுக ஜெயித்த முதல் தேர்தல் அது.

நாம் நேரில் பார்க்கும் வெற்றுத் தோட்டா எது?

'72 குண்டுகள் முழங்க' என்று நாங்களே பிரேக்கிங் போடுவோமே, அதுதான். எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கும் விஜயகாந்துக்கும் போலீஸ் செலுத்திய அந்த மரியாதையில் முழங்கியது சத்தம் மட்டும்தான். குண்டு இல்லை. அப்படியும் துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்தே இருக்கும். செட்டிலும் அதே பாடம்தான்: எதிரில் இருப்பவருக்கு நேராகக் குறி வைக்காமல் கொஞ்சம் தள்ளிச் சுடுவார்கள். நேராகச் சுடுவது போல கேமரா கோணம் பார்த்துக்கொள்ளும்.

ஒரு விஷயம், ரீல்ஸ் எடுக்கிற தம்பிகளுக்கு. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் சரி, அதன் தோட்டாவுக்கும் சரி, லைசென்ஸ் வேணும். "ஷூட்டிங்குக்குத்தான் சார்" என்பது லைசென்ஸ் ஆகாது.

அடுத்த ஞாயிறு படம் பார்க்கும்போது சுடுகிறவரின் கையைக் கவனிங்க. குண்டு வெளியே பாய்ந்தால்தான் துப்பாக்கி பின்னால் பலமாக உதைக்கும். வெற்றுத் தோட்டாவில் அந்த உதை ரொம்பக் குறைவு. அதனால்தான் பல பழைய படங்களில் ஹீரோ ஒவ்வொரு முறையும் தானே கையை வெடுக் வெடுக்கென்று ஆட்டுவார். சிலர் ஆட்ட மறந்தும் போயிருப்பார்கள்.