எரிந்த எலும்பு சொல்லும் நோய்க் கதை



காடாற்றுச் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். சாம்பலில் பால் தெளித்து, வெள்ளையாகக் கிடக்கும் எலும்புத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டியில் இட்டு, ஆற்றிலோ கடலிலோ கரைக்கிறோம். அத்துண்டுகளைக் கொண்டு இறந்தவருக்கு இருந்த நோயை அறிய முடியுமா? ஓரளவு முடியும்.

இறந்தோரைச் சுடுவோர், புதைப்போர், தாழியில் வைப்போர் ஆகிய பலரையும் மணிமேகலை குறிப்பிடுகிறது. தாமிரவருணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளை ஆராய்ந்து 1930-இல் எழுதினார்கள். எரியாத எலும்பில் அந்த வேலை எளிது. தீயில் பட்ட எலும்போ முதலில் கறுக்கும். சுமார் 700 பாகை செல்சியசுக்கு மேல் வெளுக்கும். சுருங்கி, வளைந்து, வெடித்துச் சிதறும். நோய்க்கிருமியின் மரபணுத் தடயமும் பெரும்பாலும் அழிந்துவிடும்.

ஆனால் நோய் எலும்பிலே பதித்த வடு தீயிலும் தங்கக்கூடும். முதுகெலும்பின் விளிம்பில் முள்போல் எலும்பு வளர்ந்திருந்தால், அது மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம். கண்குழியின் மேற்பகுதியில் சல்லடைபோல் துளைகள் இருந்தால், சிறுவயதில் இரத்தசோகை இருந்திருக்கலாம். முறிந்து கூடிய எலும்பையும் கண்டறியலாம்.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டம் உண்டு. அங்கே சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் எரிக்கப்பட்டோரின் எலும்புகளை 1920-களில் தோண்டியெடுத்தார்கள். பயனில்லை என்றெண்ணி 1935-இல் ஒரே குழியில் கொட்டி மூடினார்கள். 2008-இல் அவற்றை மீண்டும் எடுத்துத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று இனங்கண்டார்கள். சிலருடைய முதுகெலும்பில் தேய்மானத்தையும் கண்டார்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. வாந்திபேதி போல விரைந்து கொல்லும் நோய்க்கு எலும்பில் வடுப் பதிக்க நேரமில்லை. ஆகவே, வடு இல்லாத எலும்பு நோயில்லாதவருடையது என்று முடிவு கட்டலாகாது. வடு இருந்தாலோ, அவர் அந்த நோயோடு போராடிச் சில காலமாவது வாழ்ந்தார் என்று பொருள்.

நம் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த பாட்டன் பாட்டியின் எலும்பை நீரில் கரைத்துவிட்டோம். அதை எவரும் ஆராயப் போவதில்லை. அவர்களுடைய நோய்க் கதை இன்று வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. யாருக்கு நீரிழிவு, யாருக்கு இரத்தக் கொதிப்பு, எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று கேட்டு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளை உங்கள் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவருக்கு அது உதவும்.