கெட்டியாக இருந்தால் நல்ல பிரேக்கா?

சைக்கிள் கடையில் பிரேக்கைச் சோதிக்கும் விதம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. லிவரை இரண்டு முறை அழுத்திப் பார்ப்பார்கள். கல்லுப் போல நின்றால் "சூப்பர் பிரேக்". மெத்தென்று உள்ளே போனால் "லூஸா இருக்கு, டைட் வைக்கணும்". இந்தத் தீர்ப்பு பல நேரம் தலைகீழானது. கையில் கெட்டியாகத் தெரியும் பிரேக்தான் சில சைக்கிள்களில் சக்கரத்தை மிக மெதுவாகப் பிடிக்கிறது.

காரணம், பிரேக் என்பது ஒரு பொருளல்ல, ஒரு ஜோடி. கைப்பிடியில் லிவர், சக்கரத்தருகே ரிம்மைக் கவ்வும் பாகம். இரண்டுமே நெம்புகோல்கள், நடுவே ஒரு கேபிள். பழைய ராட் பிரேக் சைக்கிள்களில் பிடியிலிருந்து ரிம்மில் உரசும் ரப்பர் கட்டைவரை கம்பிகளின் தொகுப்பு முழுவதும் ஒன்றாகவே வந்ததால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கேபிள் வந்தது, எந்த லிவரையும் எந்தப் பிரேக்கோடும் மாட்டலாம் என்ற வசதியும் கூடவே வந்தது. மாட்டலாம்தான், பொருந்துமா என்பது வேறு கேள்வி.

பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கை ஆணிக்கு அருகே தள்ளி வைத்தால் லேசாக வெட்டுப்படும். நுனிப்பக்கம் வைத்தால் கை வலிக்கும். பிரேக் லிவரில் பாக்கு இருக்கும் இடத்தில் கேபிளின் முனை இருக்கிறது. அது ஆணிக்கு அருகே மாட்டியிருந்தால் இழுவிசை அதிகம், ஆனால் கேபிள் கொஞ்சமே நகரும். தள்ளி மாட்டியிருந்தால் கேபிள் நிறைய நகரும், விசை குறையும். விசையையும் தூரத்தையும் ஒருசேரக் கூட்டித்தர எந்த நெம்புகோலாலும் முடியாது.

ரேசர் வகை சைக்கிள்களில் டயருக்கு மேலே ஒற்றை போல்ட்டில் தொங்குகிறதே, அது காலிப்பர் பிரேக். அதன் கைகள் குட்டையானவை. கேபிள் சற்றே நகர்ந்தால் போதும். எம்.டி.பி. வகை சைக்கிள்களில் டயரின் இருபுறமும் இரண்டு நீளக் கைகள் நிமிர்ந்து நிற்கும். அது வி பிரேக். சில கடைகளில் பவர் பிரேக் என்பார்கள். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1996-இல் இதைப் பரவலாக்கியது. கைகள் நீளம் என்பதால் கேபிள் ஏறக்குறைய இரு மடங்கு நகர வேண்டும். அதனால்தான் வி பிரேக்குக்கென்று தனி லிவர் செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு லிவரும் இரட்டைப் பிள்ளைகள். வேறுபாடு உள்ளே ஆணிக்கும் கேபிள் முனைக்கும் இடையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் ஒளிந்திருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாக வைத்துக்கொள்வோம். காலிப்பர் லிவர் விரலின் விசையை 4 மடங்காக்குகிறது, காலிப்பர் அதை 2 மடங்காக்குகிறது, மொத்தம் 8. வி பிரேக் லிவர் 2 மடங்கு, வி பிரேக் 4 மடங்கு; அதுவும் 8. ஜோடி பொருந்தினால் இரண்டும் சமம்.

இப்போது மாற்றி மாட்டுங்கள். வி பிரேக் லிவரோடு காலிப்பர்: 2 பெருக்கல் 2, வெறும் 4. பிடிக்கும் சக்தி பாதி போய்விட்டது. ஆனால் கேபிள் வேகமாக நகர்வதால் லிவரைத் தொட்டதுமே கட்டை ரிம்மில் முட்டி, கை கெட்டியாக நின்றுவிடும். கடைக்காரர் "சூப்பர்" என்பது இதைத்தான். அவசரத்தில் எவ்வளவு நெரித்தாலும் வண்டி உருண்டுகொண்டே போகும். இது ஆபத்தான ஜோடி. அது ஆபத்தானது என்று கை சொல்லாது.

எதிர்மாறான ஜோடியில், அதாவது காலிப்பர் லிவரோடு வி பிரேக்கில், 4 பெருக்கல் 4, மொத்தம் 16. கேட்க நன்றாக இருக்கிறது. தூரத்தைப் பாருங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி என்றால், வி பிரேக் கட்டைகள் ரிம்மைத் தொடுவதற்கே கேபிள் சுமார் 8 மி.மீ. நகர வேண்டும். விரல் 40 மி.மீ. நகரும் இடத்தில் இந்த லிவர் தருவது 10 மி.மீ. மிச்சமுள்ள 2 மி.மீ.யைக் கேபிளின் நீட்சியும் ரப்பரின் அமுக்கமும் விழுங்கிவிட, லிவர் ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். கட்டையை இன்னும் நெருக்கி வைத்தால் ரிம்மில் சிறு கோட்டம் இருந்தாலும் உரசும். அப்படியும் நெருக்கி ஓட்டுபவர்கள் உண்டு. அவர்களுக்கு முன்பிரேக் தொட்டதும் வெடுக்கென்று கவ்வும்.

முன்பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக் பிடிக்கையில் எடை முன்சக்கரத்துக்குச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. சமதளத்தில், காய்ந்த சாலையில் 25 கி.மீ. வேகத்தில் வருபவர் பின்பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கச் சுமார் 10 மீட்டர் ஆகும். முன்பிரேக்கைச் சரியாகப் பிடித்தால் 5 மீட்டர் போதும். அதற்கும் மேலே போனால் பின்சக்கரம் தூக்கி ஆளைக் கவிழ்த்துவிடும். ஆகவே அளவற்ற சக்தி யாருக்கும் தேவையில்லை. அந்த எல்லைவரை விரலுக்குக் கட்டுப்பட்டு ஏறும் சக்திதான் தேவை.

கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கிலும் இதே கதைதான். அவிட் பிபி7 என்ற பிரேக்கில் ரேசர் லிவருக்கு ஒன்று, எம்.டி.பி. லிவருக்கு ஒன்று என இரு வகை உண்டு. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கேபிளுக்குப் பதில் திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் பிஸ்டன்களின் பரப்பளவுதான் நெம்புகோல். அங்கே திரவமும் பொருந்த வேண்டும். மினரல் ஆயிலுக்கான பிரேக்கில் டாட் (DOT) வகை பிரேக் திரவத்தை ஊற்றினால் ரப்பர் சீல் கெட்டுவிடும். வேறு வழியே இல்லாமல் ரேசர் லிவரையும் வி பிரேக்கையும் சேர்க்க வேண்டியவர்களுக்கு, நடுவே ஒரு சிறு கப்பியை வைத்து கேபிளின் நகர்வை இரட்டிப்பாக்கும் கருவி கிடைக்கிறது. கை குட்டையான மினி வி பிரேக்கும் இருக்கிறது. சில லிவர்களில் கேபிள் முனையை இரண்டு நிலைகளில் மாட்ட வசதி உண்டு. வாங்குவதானால் அதை வாங்குவேன்.

உங்கள் சைக்கிளைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். அருகில் நின்று முன்பிரேக்கை இரண்டு விரலால் அழுத்தியபடி வண்டியை முன்னே தள்ளுங்கள். சக்கரம் உருளாமல் பின்பக்கம் தூக்க வேண்டும். லிவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் மிஞ்ச வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் முதலில் கேபிளையும் கட்டையையும் பாருங்கள், அவை நன்றாக இருந்தால் ஜோடியைச் சந்தேகியுங்கள். உடைந்த லிவரை மாற்றக் கடைக்குப் போகும்போது சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போங்கள். "இந்த லிவர் வி பிரேக்குக்கா, காலிப்பருக்கா?" என்று கேட்டு வாங்குங்கள்.