இரத்தப் புற்றுநோய் சிகிச்சையின் பக்கவிளைவுகளை மதிப்பிடுதலும் அறிக்கையிடலும்

இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் சிகிச்சையால் நோயாளிக்கு உண்டாகும் தீங்குகளைக் கண்டறிந்து, கடுமையை அளந்து, பதிவுசெய்து, உரியவர்களுக்குத் தெரிவிப்பது பக்கவிளைவு மதிப்பீடும் அறிக்கையிடலும் எனப்படுகிறது. லுக்கேமியா, லிம்போமா, மல்டிபிள் மைலோமா ஆகியவை இரத்தப் புற்றுநோய்களின் முதன்மை வகைகள். மருந்தின் அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா, புதிய மருந்துக்கு அனுமதி அளிப்பதா என்னும் முடிவுகள் பெருமளவு இப்பதிவுகளைச் சார்ந்துள்ளன. பதிவில் விடுபட்ட ஒரு தீங்கு, அடுத்த நோயாளிக்கு எச்சரிக்கை இன்றியே நேரக்கூடும்.

சொற்களும் பொருளும்

மருத்துவ ஆய்வுகளில் 'பாதக நிகழ்வு' என்ற சொல் ஆளப்படுகிறது. சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு நேரும் எந்தத் தீங்கும் இதில் அடங்கும். அது மருந்தால்தான் வந்தது என்று உறுதியாகியிருக்க வேண்டியதில்லை. மருந்துக்குத் தொடர்பு உண்டு என்று கருதப்படும்போது அது 'பாதக விளைவு' ஆகிறது.

'கடுமையான' நிகழ்வும் 'பாரதூரமான' நிகழ்வும் ஒன்றல்ல. கடுமை என்பது தொல்லையின் அளவைக் குறிக்கும். இறப்பு, உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்க்க நேர்தல் அல்லது அங்கே தங்கும் காலம் நீளுதல், நிலையான ஊனம், பிறவிக் குறைபாடு ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தால் அந்நிகழ்வு பாரதூரமானது. தாங்க முடியாத தலைவலி கடுமையானது. ஆனால் வீட்டிலேயே தணிந்துவிட்டால் அது பாரதூரமானதாகக் கொள்ளப்படாது.

தர அளவுகோல்

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1983இல் பக்கவிளைவுகளுக்கான பொது அளவுகோலை உருவாக்கியது. சி.டி.சி.ஏ.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதன் 5ஆம் பதிப்பு 2017இல் வெளியானது. இதில் ஒவ்வொரு நிகழ்வின் கடுமையும் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்படுகிறது.

- தரம் 1: இலேசானது
- தரம் 2: மிதமானது
- தரம் 3: கடுமையானது, ஆனால் உடனடி உயிராபத்து இல்லை
- தரம் 4: உயிருக்கு ஆபத்தானது
- தரம் 5: இறப்பு

நரம்புப் பாதிப்பால் சமையல், கடைக்குப் போதல் போன்ற வேலைகள் தடைப்பட்டால் அது தரம் 2. குளித்தல், உடுத்தல், உண்ணுதல் போன்ற சொந்தத் தேவைகளே தடைப்பட்டால் தரம் 3. ஆய்வகச் சோதனைகளுக்கு எண்களே எல்லை. 5ஆம் பதிப்பின்படி, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் 1000க்குக் கீழே இறங்கினால் தரம் 3, 500க்குக் கீழே இறங்கினால் தரம் 4.

இரத்தப் புற்றுநோய்களில் எழும் சிக்கல்

நுரையீரல் அல்லது மார்பகப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் திடீரெனக் குறைந்தால் மருந்தின் மீது ஐயம் கொள்வது எளிது. இரத்தப் புற்றுநோயில் அவ்வாறன்று. தீவிர லுக்கேமியா எலும்பு மஜ்ஜையையே ஆக்கிரமிப்பதால், முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே அணுக்கள் தரம் 4 நிலையில் இருக்கக்கூடும். சோர்வு, காய்ச்சல், இரத்தக்கசிவு ஆகியவை நோயாலும் வரலாம், மருந்தாலும் வரலாம். மேலும், தீவிர லுக்கேமியாவில் மஜ்ஜையிலுள்ள நோய் அணுக்களை அழிப்பதே சிகிச்சையின் நோக்கம் என்பதால், அணுக்கள் குறைவது எதிர்பார்த்ததே.

ஆகவே இங்கே அணுக்கள் எவ்வளவு குறைந்தன என்பதைவிட, எப்போது மீண்டன என்ற கேள்வி கூடுதல் பயன் தருகிறது. மஜ்ஜையில் நோய் தென்படாத நிலையிலும் பல வாரங்களுக்கு அணுக்கள் மீளாவிட்டால், அது மருந்தின் நச்சுத்தன்மையைக் காட்டுவதாகக் கொள்ளப்படுகிறது.

உச்சத் தரம் காட்டாதவை

ஆய்வறிக்கைகளின் அட்டவணைகள் பெரும்பாலும் ஒவ்வொரு நோயாளியும் அடைந்த உச்சத் தரத்தை மட்டுமே தருகின்றன. தரம் 3க்கு மேற்பட்டவையே கவனம் பெறுகின்றன. 2018இல் லான்செட் ஹெமட்டாலஜி இதழ் வெளியிட்ட வல்லுநர் குழு அறிக்கை இம்முறையைக் கேள்விக்குள்ளாக்கியது.

நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்கான இமாட்டினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதைப் பலர் ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்குகின்றனர். ஒரு வாரம் நீடித்து மறையும் தரம் 4 அணுக்குறைவு அட்டவணையில் இடம்பெறும். மூன்று ஆண்டுகள் விடாமல் தொடரும் தரம் 2 தசைப்பிடிப்பும் சோர்வும் அதில் மங்கிவிடும். ஆனால் மாத்திரையைத் தவறவிடத் தூண்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. மாத்திரை தவறினால் நோய் கட்டுப்பாட்டை மீறும் வாய்ப்பு கூடுகிறது.

காலம் கடந்து வரும் தீங்குகளும் உண்டு. 2014இல் அனுமதிக்கப்பட்ட ஐடெலாலிசிப் மருந்தால் கடுமையான வயிற்றுப்போக்கு பல மாதங்களுக்குப் பின்னும் தோன்றியது. இம்மருந்தைப் பிற மருந்துகளுடன் சேர்த்துத் தந்த சில ஆய்வுகள், இறப்பும் கடுமையான தொற்றும் கூடுதலாகக் காணப்பட்டதால் 2016இல் நிறுத்தப்பட்டன. கண்காணிப்பு தொடக்க வாரங்களோடு முடிந்திருந்தால் இத்தகைய தீங்குகள் வெளிப்பட்டிருக்கா. எனவே நிகழ்வின் தரத்துடன், அது தொடங்கிய நாள், நீடித்த காலம், மீண்டும் வந்த எண்ணிக்கை ஆகியவற்றையும் பதிவுசெய்ய வலியுறுத்தப்படுகிறது.

நோயாளியே தரும் பதிவு

குமட்டல், மரத்துப்போதல், சோர்வு ஆகியவற்றை எந்த இரத்தச் சோதனையும் காட்டாது. மருத்துவர் குறிக்கும் தரம் நோயாளி உணர்வதைவிடக் குறைவாக இருப்பது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. இதற்காக அதே அமெரிக்க நிறுவனம் நோயாளிகளே விடையளிக்கும் வினாத்தொகுப்பை உருவாக்கியது. 78 அறிகுறிகள் குறித்த 124 வினாக்கள் அதில் உள்ளன. கடந்த ஏழு நாள்களில் அறிகுறி எத்தனை முறை வந்தது, எவ்வளவு கடுமையாக இருந்தது, அன்றாட வேலையை எவ்வளவு தடுத்தது என்று அவை கேட்கின்றன. மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் சிலர் தொல்லைகளை மறைப்பதும் உண்டு. உரிய நேரத்தில் சொன்னால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலேயே அளவையோ இடைவெளியையோ மாற்ற இயலும்.

மைலோமா மருந்தான போர்ட்டிசோமிப் இதற்குச் சான்று. நரம்பு வழியே செலுத்தியபோது கை கால் நரம்புகளில் எரிச்சலும் மரப்பும் பரவலாகக் காணப்பட்டன. 2011இல் வெளியான ஆய்வில், நரம்பு வழியே பெற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்குத் தரம் 3 அல்லது அதற்கு மேற்பட்ட நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது. தோலடியில் பெற்றவர்களில் அது 6 விழுக்காடு. நோயைக் கட்டுப்படுத்தும் திறன் குறையவில்லை. அதன்பின் தோலடி ஊசியே பரவலான வழக்கமாயிற்று.

செல் சிகிச்சைக்கான தனி அளவுகோல்

நோயாளியின் டி செல்களை மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி சிகிச்சையில், நோயெதிர்ப்பு மண்டலம் மிகையாகத் தூண்டப்பட்டுக் காய்ச்சல், இரத்த அழுத்த வீழ்ச்சி, மூச்சுத்திணறல் வரலாம். தொடக்கத்தில் ஒவ்வொரு ஆய்வும் வெவ்வேறு அளவுகோலைப் பயன்படுத்தியதால் முடிவுகளை ஒப்பிட முடியவில்லை. 2019இல் வெளியான பொது அளவுகோல் இக்குறையைப் பெருமளவு நீக்கியது. மூளைப் பாதிப்பை அறிய, ஆண்டையும் ஊரையும் சொல்லுதல், பொருள்களின் பெயர் கூறுதல், ஒரு வாக்கியம் எழுதுதல், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுதல் போன்ற பத்து மதிப்பெண் சோதனை நடத்தப்படுகிறது. கையெழுத்துக் குலைவது பாதிப்பின் முற்பட்ட அடையாளங்களுள் ஒன்று.

இந்தியாவில் அறிக்கையிடல்

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. இதன் தேசிய ஒருங்கிணைப்பு மையம் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தில் இயங்குகிறது. அங்கிருந்து தகவல்கள் சுவீடனின் உப்சாலா நகரிலுள்ள உலகளாவிய தரவுத்தளத்திற்குச் செல்கின்றன. மருத்துவ ஆய்வுகளில் பாரதூரமான நிகழ்வை ஆய்வாளர் அறிந்த 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமன்றி நோயாளியும் குடும்பத்தாரும் அறிக்கை தரலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இதற்கென உள்ளது. நோயாளி பற்றிய அடிப்படை விவரம், ஐயத்துக்குரிய மருந்து, நேர்ந்த விளைவு, தெரிவிப்பவர் விவரம் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. மருந்துதான் காரணம் என்று நிறுவ வேண்டிய பொறுப்பு தெரிவிப்பவருக்கு இல்லை, ஐயமே போதுமானது. மருந்து தொடங்கிய நாள், விளைவு தோன்றிய நாள், மருந்தை நிறுத்தியபின் அது தணிந்ததா என்ற விவரம் ஆகியவை இருந்தால், மருந்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை வல்லுநர்கள் கணிக்க உதவும். இந்த அறிக்கை அவசர மருத்துவ உதவிக்கு மாற்றன்று. சிகிச்சையில் இருப்பவருக்கு 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், அணுக்குறைவுடன் கூடிய தொற்றாக இருக்கக்கூடும் என்பதால், உடனே மருத்துவமனையை அணுக வேண்டும்.